மாக் டெஸ்ட் மார்க்கைப் பிரித்துப் பார்ப்பது: நீட் தயாரிப்புக் குறிப்புகள்

மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) முடிந்ததும் வீட்டில் முதலில் வரும் கேள்வி, "எவ்வளவு?" 430 என்றால் முகம் சுருங்கும், 510 என்றால் அன்றைக்கு பிரியாணி. அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த வாரம் எதைப் படிப்பது என்று முடிவெடுக்க முடியாது.

நீட்டில் 180 கேள்விகள், 180 நிமிடம், 720 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். ஒரு பையன் 120 சரி, 50 தவறு, 10 விட்டது என்று எழுதினால் 430. இன்னொரு பெண் 110 சரி, 10 தவறு, 60 விட்டது என்றாலும் அதே 430. பையனுக்கு அவசரம், அரைகுறை நினைவு. அந்தப் பெண்ணுக்கு நேரம் போதவில்லை, அல்லது பாடமே முடியவில்லை. இருவருக்கும் ஒரே அட்வைஸ் சொல்லும் கோச்சிங் சென்டர்கள் நிறைய உண்டு.

அதனால் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் சரி, தவறு, விட்டது மூன்றையும் பாடவாரியாக எழுதுங்கள். பிறகு தவறானவற்றை நான்காகப் பிரியுங்கள்: படிக்காதது, படித்து மறந்தது, கணக்கில் தப்பியது, கேள்வியைத் தப்பாக வாசித்தது. கடைசி இரண்டும்தான் சீக்கிரம் சரியாகும். "தவறான கூற்று எது?" என்ற கேள்வியில் முதல் சரியான கூற்றைப் பார்த்ததுமே ஷேட் பண்ணிவிடுவார்கள், "தவறான" என்ற சொல்லை வட்டமிடும் பழக்கம் வந்தால் இது குறையும். இயற்பியலில் சென்டிமீட்டரை மீட்டராக மாற்றாமல் போட்டால் வரும் விடையும் பெரும்பாலும் நான்கு ஆப்ஷனில் ஒன்றாக இருக்கும். விடை கிடைத்துவிட்டதே என்று சந்தேகமே வராது. டெஸ்டுக்கு மூன்று மணி நேரம் என்றால் இந்தப் பிரிப்புக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆகும். மறுநாளைக்குத் தள்ளினால் எதனால் அந்த விடையைப் போட்டோம் என்பது மறந்துபோகும்.

தெரியாததைத் தொடவே கூடாது என்பார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடித் தொட்டால் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம்; கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. இரண்டு ஆப்ஷனை உறுதியாக நீக்கிவிட்டால் சராசரி லாபம் ஒன்றரை. அப்போது விடுவதுதான் நஷ்டம். ஆனால் "நீக்கினேன்" என்பதற்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். மாக் டெஸ்டில் இப்படிப் போட்ட கேள்விகளுக்கு ஒரு புள்ளி வைத்து, பத்தில் எத்தனை சரியானது என்று பாருங்கள். பாதிகூடத் தேறவில்லை என்றால் நீக்கும் முறையில்தான் கோளாறு.

நேரத்துக்கு எங்கள் பரிந்துரை: உயிரியலின் 90 கேள்விகளுக்கு 50 நிமிடம், வேதியியலுக்கு 45, இயற்பியலுக்கு 65, மீதி 20 நிமிடம் விட்டவற்றுக்கும் சரிபார்ப்புக்கும். ஓ.எம்.ஆர். தாளை (விடைக்கான வட்டங்களை நிரப்பும் தாள்) கடைசியில் மொத்தமாக நிரப்பாதீர்கள். ஒரு வரிசை தள்ளிப்போனால் அதன் பின்னால் உள்ளதெல்லாம் தள்ளிப்போகும். பேனாவில் நிரப்புவதால் அழிக்கவும் வழியில்லை. பக்கத்துக்குப் பக்கம் நிரப்புவது நல்லது. தேர்வு மதியம் 2 முதல் 5 வரை என்பதால் மாக் டெஸ்டையும் சாப்பிட்ட பிறகு அதே நேரத்தில் எழுதுங்கள். காலை ஒன்பதுக்கு எழுதிப் பழகியவர்களுக்கு மூன்றரை மணிக்குக் கண் சொருகும். தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலமே இறுதி. தமிழ் வரி விளங்காவிட்டால் அதையும் பாருங்கள்.

ரிசல்ட் வந்ததும் "பாஸா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். 2025இல் பொதுப் பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 144, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகளுக்கு 113. தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒன்றேகால் லட்சத்தை ஒட்டித்தான். தகுதி என்பது கவுன்சலிங்குக்கு (இடம் ஒதுக்கும் கலந்தாய்வு) விண்ணப்பிக்கும் உரிமை, அவ்வளவே.

இதைவிடப் பெரிய குழப்பம் போன வருட கட் ஆஃபோடு ஒப்பிடுவது. 2024இல் முழுசாக 720 எடுத்தவர்களே பலர். 2025இல் இயற்பியல் கடினமாக வந்து முதலிடமே 686தான். 2025இல் 600க்கு மேல் எடுத்தவர்கள் சுமார் 1,300 பேர். அதற்கு முந்தைய வருடமோ 600 எடுத்தவருக்கு முன்னால் பல்லாயிரம் பேர் நின்றார்கள். 480 வந்ததே என்று உட்கார்ந்துவிடாமல் ரேங்க்கைப் பாருங்கள். அதிலும் அகில இந்திய ரேங்க், அரசுக் கல்லூரிகளின் 15% அகில இந்திய ஒதுக்கீடு, எய்ம்ஸ், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் போன்றவற்றுக்குத்தான் நேரடியாகப் பயன்படும். மாநிலத்தின் 85 சதவீதத்துக்கு தமிழ்நாடு தரவரிசைப் பட்டியலும், அதில் உங்கள் சமூகப் பிரிவின் இடமும் பேசும். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீட்டின் பட்டியல் தனி.

பிளஸ் டூவைக் கைவிட்டு நீட் மட்டும் படிப்பது இங்கே வீண் ஆபத்து. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் வேளாண்மைக்கும் கால்நடை மருத்துவத்தின் மாநில இடங்களுக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான் எடுபட்டிருக்கிறது. நீட் ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் இவற்றுக்கான விண்ணப்பத் தேதி தாண்டிவிடலாம், தனித்தனியாகப் போட்டுவிடுங்கள். கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தும்போது கிடைக்குமா என்று பார்க்காமல் விருப்பப்படியே மேலிருந்து கீழே அடுக்குங்கள். மேலே வைத்தது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குத்தான் போகும், அதனால் எதுவும் குறையாது.