காரைக் களிமண்ணைக் கழுவிப் பார்த்தேன்

பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் அம்மோனைட் என்ற, அழிந்துபோன கடலுயிரியின் புதைபடிவத்தைத் தேடித்தான் போகிறார்கள். அந்தச் சுருள் ஓடுகளைப் படமெடுத்துவிட்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவருவது என் வழக்கம். எந்த அடுக்கில் கிடந்தது என்ற விவரம் தொலைந்துவிட்டால் அது வெறும் அலமாரிப் பொருள். எனக்கு வேண்டியது அங்குள்ள களிமண். கிணறு வெட்டிக் கொட்டியிருந்த மண்ணிலிருந்து, நிலத்துக்காரரிடம் கேட்டு ஒரு பை அள்ளிவந்தேன்.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியக் காலத்தில், கடலடியில் படிந்த களி இது. இதற்குள் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் ஓடுகள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது.

மண்ணை முதலில் நன்றாகக் காயவைக்க வேண்டும். ஈரக் கட்டியை ஊறப்போட்டால் கட்டியாகவே கிடக்கும். மொறமொறவென்று காய்ந்த கட்டியோ தண்ணீர் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கொஞ்சம் சலவைச் சோடா கலந்து ஓர் இரவு விட்டேன். அரிப்பதற்கு டீ வடிகட்டி உதவாது, ஓடுகளும் சேர்ந்து ஓடிவிடும். ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு விற்கும் 200 மெஷ் வலைத்துணி சரியாக இருக்கிறது. அதன் கண் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. குழாயை மெதுவாகத் திறந்து, விரலால் தேய்க்காமல், தெளிந்த நீர் இறங்கும்வரை அலசினேன். அத்தனை மண்ணுக்கும் கடைசியில் மிஞ்சியது ஒரு சிட்டிகைப் பொடி.

கறுப்புக் காகிதத்தில் தூவி லென்ஸில் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஜிப்சம். காரை மண்ணில் அது நரம்பு நரம்பாக ஓடுகிறது. தட்டையாக, பளபளவென்று உடைந்திருக்கும். சந்தேகமான உடைந்த துணுக்கில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் சுண்ணாம்பு ஓடு குமிழி விடும், ஜிப்சம் சும்மா இருக்கும். முழு ஓட்டில் இதைச் செய்யவே கூடாது, கரைந்துவிடும்.

பிறகுதான் ஃபோராமினிஃபெரா ஓடுகள் தெரிந்தன. சின்ன அறையில் தொடங்கி, சுற்றச் சுற்றப் பெருத்துக்கொண்டே போகும் உருண்டைகள், திராட்சைக் கொத்துபோல. நனைத்த பிரஷ் நுனியில் ஒட்டியெடுத்து மேல், கீழ், விளிம்பு என்று மூன்று பக்கமும் திருப்பிப் பார்க்கப் பழகியிருக்கிறேன். விளிம்புதான் முக்கியம். சிலவற்றில் அது உருண்டு வழவழப்பாக இருக்கும், சிலவற்றில் கூரான வரம்பு ஓடும். அப்படி வரம்புள்ள வகைகளில் ஒன்று ரொட்டாலிபோரா. கடலில் ஆக்சிஜன் குறைந்துபோன சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலகட்டத்தோடு அது மறைந்துபோனது. ஆகவே அது கிடைக்கும் அடுக்கு அதற்கும் முந்தையது. காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணறு தோண்டும்போது மேலே வரும் துகள்களின் வயதையும் இப்படிப்பட்ட ஓடுகளை வைத்துத்தான் கணிக்கிறார்கள். கைப்பிடி மண்ணில் இவ்வளவு காலக்கணக்கு இருப்பது இன்னும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

வரம்புள்ளது, இல்லாதது என்று இரண்டு அட்டைகளில் ஒட்டிவைத்திருக்கிறேன். இனப்பெயர் உறுதியாகச் சொல்ல வாய்ப்பகுதி தெரிய வேண்டும். பலவற்றில் அது களியால் அடைபட்டிருக்கிறது. கொட்டிய மண்ணில் மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் கலந்துபோயிருப்பது இன்னொரு சிக்கல். அடுத்து அந்தப் பக்கம் யாராவது கிணறு வெட்டும்போது, ஆழம் எழுதிய தனித்தனிப் பைகளோடு கூடவே நிற்க வேண்டும். நிலத்துக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.