கோலா சேர்த்த சாக்லேட் அடுக்கு கேக்: அடுப்படிக் குறிப்பேடு

மார்ச் 2

20 செ.மீ. வட்ட டின் இரண்டுக்கான அளவு இது: மைதா 250 கிராம், சர்க்கரை 300 கிராம், இனிப்பில்லாத சாதா கோகோ தூள் 45 கிராம், வெண்ணெய் 115 கிராம், எண்ணெய் 80 மி.லி., கோலா 240 மி.லி., புளித்த கெட்டி மோர் 120 மி.லி., முட்டை 2, சமையல் சோடா ஒரு டீஸ்பூன் (5 கிராம்), உப்பு அரை டீஸ்பூன், வெனிலா ஒரு டீஸ்பூன். சோடாவைத் தலைதட்டி அளக்கணும். குவித்து எடுத்தால் ஒன்றரை டீஸ்பூன் ஆகிவிடும்.

கோலாவின் நுரைதான் கேக்கை எழுப்புகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த வாயு கொதிக்கும்போதே பறந்துவிடும். அதில் பாஸ்பாரிக் அமிலம் இருப்பது உண்மைதான், ஆனால் மிகக் கொஞ்சம். 5 கிராம் சோடாவுக்கு அது எந்த மூலைக்கு? சோடாவுக்கு ஈடுகொடுப்பதில் பெரும்பங்கு மோரின் புளிப்புக்கும் கோகோவுக்கும்தான். அதனால் ‘கோலாதான் இருக்கே’ என்று மோரை விட்டுவிடக் கூடாது. கோலா தருவது ஈரம், சுமார் 25 கிராம் சர்க்கரை, லேசான காரமல் வாசம். வாயு போன கோலாவே இதற்குப் போதும். நுரை இல்லாததால் அளப்பதும் சுலபம்.

டயட் கோலா வேண்டாம். சர்க்கரை குறைவதோடு, அஸ்பார்டேம் சேர்த்ததாக இருந்தால் சூட்டில் அந்த இனிப்பும் மங்கும்.

மார்ச் 3

கலக்கும் வரிசை. மைதா, சர்க்கரை, சோடா, உப்பு நான்கையும் சலித்துத் தனியாக வைக்கவும். சோடா கட்டி ஒன்று தப்பினாலும் அந்தத் துண்டு வாயில் வைக்க முடியாதபடி கசக்கும். வெண்ணெய், எண்ணெய், கோலா, கோகோ நான்கையும் ஒரே பாத்திரத்தில் கிளறியபடி ஒரு கொதி வரும்வரை சூடாக்கவும். சூடான கொழுப்பில் கோகோ கரையும்போது மணம் நன்றாக ஏறும். இறக்கி, விரல் வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும்வரை ஆறவிடவும். அவசரப்பட்டால் முட்டை திரிதிரியாக வெந்துவிடும்.

பிறகு அதில் மோர், முட்டை, வெனிலா சேர்த்து அடித்து, மாவில் ஊற்றி, வெள்ளை தெரியாத அளவுக்கு மட்டும் கலக்கவும். கலவை நீர்க்கவே இருக்கும். பயந்து மைதாவைக் கூட்டினால் கேக் வறண்டுபோகும்.

டின்னில் வெண்ணெய் தடவி, அடியில் பட்டர் பேப்பர். 175 டிகிரி செல்சியஸ், 30 முதல் 35 நிமிடம். குச்சியில் ஈர மாவு ஒட்டக் கூடாது. இரண்டொரு துகள் ஒட்டினால் சரி.

மார்ச் 5

ஒரு டின் மட்டுமே நுழையும் ஓவனுக்கு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, பாதியை வெளியே காத்திருக்க வைத்தால் இரண்டாவது அடுக்கு தட்டையாக வரும். மோர் பட்டதுமே சோடா வேலையைத் தொடங்கிவிடுகிறது. உலர்ந்த கலவையையும் ஈரக் கலவையையும் தனித்தனியே எடை போட்டுப் பாதியாக்கி வைத்துக்கொண்டு, முதல் டின் வெளியே வந்த பிறகே இரண்டாவதைக் கலக்கலாம்.

சோடா பழசா என்று பார்க்க, ஒரு ஸ்பூன் வினிகரில் ஒரு சிட்டிகை போடவும். உடனே பொங்காவிட்டால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

மார்ச் 8

நடு அமுங்கிய கேக்கை வெட்டிப் பார்த்தால் காரணம் தெரியும். பெரிய ஓட்டைகளும் சோப்பு வாடையும் இருந்தால் சோடா அதிகம். புளிப்பு கிடைக்காமல் மிஞ்சிய சோடா சூட்டில் சோடியம் கார்பனேட்டாக மாறுகிறது; அந்த வாடை அதிலிருந்துதான். ஓட்டை இல்லாமல் நடுவில் மட்டும் பிசுபிசுவென்று கறுத்த பட்டை இருந்தால் வேகவில்லை. முதல் 25 நிமிடத்துக்குள் ஓவன் கதவைத் திறந்தாலும் அமுங்கும்.

புளிப்பை முறிக்கும் காரப் பொருள் (உறைப்பு அல்ல) சேர்த்துப் பதப்படுத்திய ‘டச்சு’ கோகோவில் நிறம் அழகு, புளிப்பு கிடையாது. அதைப் போட்டால் சோடாவை முக்கால் டீஸ்பூனாகக் குறைக்கவும்.

மார்ச் 12

ஃப்ராஸ்டிங், அதாவது கேக்கின் மேலும் நடுவிலும் போடும் இனிப்புப் பூச்சு. வெண்ணெய், கோகோ, கோலாவைக் கொதிக்கவைத்து ஐசிங் சுகர் கலந்து சூடாக ஊற்றும் முறை, டின்னிலேயே பரிமாறும் ஒற்றைக் கேக்குக்குச் சரி. அடுக்குகளுக்கு நடுவே அது வழுக்கும். மேல் அடுக்கு மெல்ல ஒரு பக்கமாக நகர்ந்துவிடும்.

அடுக்குக்கு: கோலா 240 மி.லி.யை அகலமான பாத்திரத்தில் 60 மி.லி. ஆகும்வரை சுண்டவைத்து முழுக்க ஆறவைக்கவும். மெத்தென்ற வெண்ணெய் 225 கிராமை வெளுக்கும்வரை அடித்து, சலித்த ஐசிங் சுகர் 400 கிராம், கோகோ 60 கிராம், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து, சுண்டிய கோலாவில் 3 டேபிள்ஸ்பூனைச் சொட்டுச் சொட்டாக விடவும். திரிந்ததுபோல் தெரிந்தால் வெண்ணெய் குளிர்ந்திருக்கிறது. பாத்திரத்தின் அடியில் வெந்நீர் காட்டி மறுபடி அடிக்கவும். தளர்ந்து ஓடினால் சர்க்கரையை அள்ளிப்போடாமல், 10 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு அடித்துப் பார்க்கவும்.

மார்ச் 13

அடுக்குவது. டின்னில் 10 நிமிடம், கம்பித் தட்டில் முழுக்க ஆறும்வரை. இளஞ்சூடு இருந்தாலும் வெண்ணெய் உருகும். மேல் மேட்டை ரம்பக் கத்தியால் சீவி, மிச்சக் கோலாப் பாகை வெட்டிய பக்கத்தில் தடவவும். மேல் அடுக்கைக் கவிழ்த்து வைத்தால் தட்டையான அடிப்பக்கம் மேலே வரும், துகளும் உதிராது. முதலில் மெல்லிய பூச்சு, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ், அதன் மேல் முழுப் பூச்சு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் கழித்து வெட்டவும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்துக்கொள்ளவும்.