எருசலேமில் ஒரு பனிக்கால விடியல்: அலெப்போ யூதர்களின் பாட்டு

சனிக்கிழமை விடிகாலை மூன்று மணிக்கு, எருசலேமின் பழைய குடியிருப்பான நக்லாவோத்தின் சந்துகளில் நடந்துதான் போகவேண்டும். யூதர்களின் ஓய்வுநாளில் பேருந்து கிடையாது. கைபேசிக்கும் அனுமதியில்லை, படம், ஒலிப்பதிவு எதுவும் கூடாது. நல்லதாகப் போயிற்று, காது மட்டும் வேலை செய்தது.

நான் போனது, சிரியாவின் அலெப்போ நகரத்து யூதர்கள் 1901-இல் கட்டிய அதேஸ் ஜெப ஆலயத்துக்கு. யூத வேதமான தோராவின் சுருள்கள் இருக்கும் பேழை முழுக்கச் சிப்பி இழைத்த வேலைப்பாடு. கூடாரப் பண்டிகை முடிந்ததிலிருந்து பாஸ்கா நெருங்கும்வரை, அதாவது குளிர்காலம் முழுக்க, வாராவாரம் இந்த நேரத்தில் 'பக்காஷோத்' என்னும் மன்றாட்டுப் பாடல்களைப் பாடுகிறார்கள். வாத்தியம் இல்லை. ஓர் அணி ஓரடி பாட, எதிர் அணி அடுத்த அடியை எடுக்கிறது. ஒரு பாட்டு முடிந்ததும் ஒருவர் மட்டும் வேதத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து வசனம் ஒன்றை விருத்தம்போல் இழுத்துப் பாடி, அப்படியே அடுத்த மக்காமுக்குள் (அரபு இசையின் ராகம்) கொண்டுபோய் விடுகிறார். ஹிஜாஸ் வந்தபோது எனக்கு நம் வகுளாபரண ராகம் கேட்டது. ஆனால் ராஸ்த் மக்காமின் கால் சுரங்கள் (அரைச் சுரத்திலும் பாதி) நம் மேளகர்த்தா எதிலும் அடங்கவில்லை.

மொழி எபிரேயம், மெட்டோ அரபுலகத்துடையது. இதை அவர்கள் ஒளிப்பதே இல்லை. அலெப்போவின் ரஃபாயேல் தபூஷ் பார்வையற்றவர். அரபுப் பாடகர்களைத் தேடிப்போய்க் கேட்டு, அந்த மெட்டுகளில் துதிப்பாடல் கட்டியவர். அவருக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே இஸ்ரவேல் நஜாரா என்ற கவிஞர் துருக்கி, அரபு, ஸ்பானியக் காதல் பாட்டுகளின் மெட்டில் இறைவனைப் பாடினார். 1587-இல் கலிலேயாவின் சஃபேத் நகரில் அந்தப் பாடல்களை அச்சிலும் ஏற்றினார். மூலப்பாட்டின் சொல்லோசையே எபிரேயத்திலும் கேட்கும்படி எழுதுவது அவர் குறும்பு. அதே காலத்துக் கவிஞர் மெனாகெம் தி லொன்சானோ அதைக் கண்டித்தார். வேடிக்கை என்னவென்றால், அவரும் துருக்கி மெட்டுகளில் பாட்டு எழுதியவர்தான்!

எனக்கு லொன்சானோ பக்கம் சாய முடியவில்லை. ஊரே முணுமுணுக்கும் மெட்டைக் கடவுளுக்குக் கொடுப்பதில் என்ன குறை? இஸ்ரேலின் தலைமை ரப்பியாக இருந்த ஓவடியா யோசேப்பும் அரபு மெட்டில் தொழலாம் என்றே தீர்ப்பளித்தார். எகிப்தியப் பாடகி உம்மு குல்தூமின் மெட்டுகளில் பாடும் தொழுகைத் தலைவர்கள் எருசலேமில் உண்டு.

போக நினைப்பவர்கள் கனத்த கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் தலையை மூடவேண்டும்; பெண்களுக்குத் தனி இடம். பாட்டு முடிந்த கையோடு காலைத் தொழுகை தொடங்கிவிடும், அதற்கும் இருந்துவிட்டு வாருங்கள். அந்த வாரத் தோரா பகுதிக்கேற்ற மக்காமை அதில்தான் முழுதாகக் கேட்கலாம்.