பேண்டுக்குள் காணாமல் போன ரிதம் கிட்டார்: மூன்று ஒத்திகைகளில் மாற்றியவை

வீட்டில் தனியாக வாசிக்கும்போது என் ரிதம் சத்தம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. டிஸ்டார்ஷன் பெடலில் (சத்தத்தைக் கரகரப்பாக்கும், காலால் மிதிக்கும் பெட்டி) கெய்ன், அதாவது கரகரப்பின் அளவு, முக்கால்வாசி, பாஸ் (அடிச்சுரங்கள்) தாராளம், மிட் (நடுச்சுரங்கள்) அடியோடு குறைவு, மேலே ரிவெர்ப் (எதிரொலி). ட்ரம்ஸும் பாஸ் கிட்டாரும் சேர்ந்ததும் அது எங்கே போனதென்றே தெரியவில்லை. ஆம்ப் (கிட்டாரின் ஒலிபெருக்கி) சத்தத்தை ஏற்றினால் காது வலித்தது, கார்டு மட்டும் தெளியவில்லை.

முதல் ஒத்திகையைப் போனில் பதிவு செய்து கேட்டபோது காரணம் பிடிபட்டது. கிட்டாரின் ஆறாவது தந்தி ஏறக்குறைய 82 ஹெர்ட்ஸ். பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41, அதன் முதல் மேல்சுரம் 82-இல்தான் வந்து விழுகிறது. கிக் ட்ரம்மும் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்) அந்தப் பக்கம்தான். நான் கூட்டி வைத்த பாஸ் முழுக்க அங்கே போய்க் கரைந்துவிட்டது. கிட்டாருக்கென்று மிஞ்சும் இடம் மிட். அதைத்தான் நான் குறைத்து வைத்திருந்தேன். மெல்லிய சத்தத்தில் நம் காது அடிச்சுரங்களைக் குறைவாகவே உணரும் (ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து சொன்னது). அதனால் வீட்டில் மெல்ல வாசித்துக் கூட்டி வைத்த பாஸ் அளவு மேடைக்கு ஒத்துவராது.

இரண்டாவது ஒத்திகைக்கு டிஸ்டார்ஷனை எடுத்துவிட்டு ட்யூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் (மிதமான கரகரப்புத் தரும் பெடல்) வைத்தேன். 720 ஹெர்ட்ஸ் பக்கம் மிட்டைத் தூக்கி, பாஸைக் குறைக்கும் பெடல் அது. குமிழைக் கடிகார முள்ளாக நினைத்தால், கெய்ன் ஒன்பது மணி நிலை, லெவல் (பெடலிலிருந்து வெளியே போகும் சத்தம்) இரண்டு மணி. தனியாகக் கேட்டால் ஒல்லியாக இருந்தது. பேண்டோடு சேர்ந்ததும் ஒவ்வொரு கார்டும் தனித்தனியாகக் கேட்டது, அவ்வளவு சந்தோஷம்!

கெய்னைக் குறைத்ததில் இன்னொரு லாபம். கெய்ன் ஏற ஏற அலையின் உச்சி வெட்டுப்பட்டு, ஓங்கி அடித்ததும் மெல்ல அடித்ததும் ஒரே அளவாகிவிடும். ரிதமுக்கு உயிரே அந்த அழுத்த வித்தியாசம்தானே. இப்போது கை சொல்வதை ஆம்ப் சொல்கிறது. சரணத்துக்குக் கிட்டார் வால்யூம் 7, பல்லவிக்கு 10. பெடலை மிதிக்க வேண்டியதே இல்லை.

மூன்றாவது முறை ஈக்யூ பெடல் (அடி, நடு, மேல் சுரங்களைத் தனித்தனியாக ஏற்றி இறக்குவது) சேர்த்தேன். ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் கரகரப்புதான் கூடியது. பின்னால் வைத்து 800 ஹெர்ட்ஸை 4 டெசிபல் ஏற்றி, 100-ஐ இறக்கியதும் சத்தம் முன்னால் வந்து நின்றது. ரிவெர்பை அணைத்துவிட்டேன், அறையே போதுமான அளவு எதிரொலிக்கிறது. டிலே (வாசித்ததைச் சற்றுத் தள்ளித் திரும்ப ஒலிக்கும் பெடல்) ஒரே ஒரு முறை, காதில் பட்டும் படாமலும்.

அப்புறம் இரைச்சல். எல்லாப் பெடலுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து மின்சாரம் போனதால், டிஜிட்டல் டிலேயின் கீச்சொலி ஓவர்டிரைவில் பெரிதாகிக் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பிரித்த 9 வோல்ட் வெளியீடு உள்ள பவர் சப்ளை மாற்றினேன், நின்றுவிட்டது.

கிளீன் (கரகரப்பு இல்லாத) பகுதிகள்தான் இன்னும் கொஞ்சம் அடங்கிக் கேட்கின்றன. அடுத்த ஒத்திகையில் ஓவர்டிரைவுக்கு முன்னால் கம்ப்ரெஸர் (மெல்லிய சத்தத்தையும் ஓங்கிய சத்தத்தையும் சமன்செய்யும் பெடல்) வைத்துப் பார்க்கிறேன்.