துணைக்கு ஒருவர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் நடுவே, முன்பு கிரே தெரு எனப்பட்ட டாக்டர் யூசுப் தாதூ தெருவின் ஜும்மா மசூதிக்கும் இம்மானுவேல் பேராலயத்துக்கும் இடையே மதரசா ஆர்கேட் என்னும் பழைய கடைவீதி ஓடுகிறது. பேராலயத்தை ஒட்டி, நிறவெறி ஆட்சியை எதிர்த்த பேராயர் டெனிஸ் ஹர்லியின் பெயரால் 2015இல் திறக்கப்பட்ட மையத்தில், வீடற்றோருக்கு உணவும் மருத்துவ உதவியும், அகதிகளுக்கு ஆதரவும் கிடைக்கின்றன. ஆகவே உதவியே இல்லாத ஊர் இது என்று நான் சொல்ல மாட்டேன். உதவி இருக்கும் வாசல் வரை ஏழைக் குடும்பங்களை அழைத்துச் செல்ல ஆளில்லை என்பதே என் மனக்குறை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருந்த, காங்கோவிலிருந்து வந்த ஒரு பெண்ணை, ஏழு மாதக் கர்ப்பிணி என்று தெரிந்தும், காகிதங்கள் சரியில்லை என்று ஓர் அரசு மருத்துவ நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவம் இலவசம் என்பது 1994 முதல் இந்நாட்டில் உள்ள ஏற்பாடு. எந்த நாட்டவராயினும், ஆவணம் இல்லாவிட்டாலும் அது பொருந்தும் என்று 2023இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றமும் உறுதிசெய்தது. அவளுக்குத் தெரிந்த சுவாஹிலியும் பிரெஞ்சும் அந்த வாசலில் பயன்படவில்லை. மறுநாள் நானும் உடன் சென்றேன். ஆங்கிலத்தில் பொறுமையாகப் பேசியதைத் தவிர நான் வேறெதுவும் செய்யவில்லை, ஆனால் அரை மணி நேரத்தில் அவளுக்கு அட்டை எழுதிக் கொடுத்தார்கள். முந்தைய நாள் அவள் அழுதுகொண்டே நடந்து திரும்பிய தூரத்தை நினைத்தால் இன்றும் என் நெஞ்சு பதைக்கிறது.

பள்ளிச் சேர்க்கையிலும் இதே நிலைதான். ஆவணம் இல்லை என்பதற்காகக் குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்று மகாண்டா உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது, ஆனால் ஜனவரியில் பள்ளி வாசலில் நிற்கும் பெற்றோருக்கு அதை யார் சொல்வது? குழந்தைகளுக்கான அரசு உதவித்தொகையோ, அடைக்கலம் தேடி வந்தோரில் அகதியாக அங்கீகாரம் பெற்றவர்களுக்கு மட்டுமே உண்டு. விண்ணப்பம் முடிவாகாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் வாடகைக்கும் அரிசிக்கும் அண்டை அயலாரைத்தான் நம்ப வேண்டும்.

நம்மவரும் இதற்கு விலக்கல்லர். உணவகத்தில் சமையல் வேலைக்கு வந்தவரின் விசா பெரும்பாலும் முதலாளியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், "எதைக் கேட்டாலும் வேலை போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது அக்கா" என்று அவர் மனைவி என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இங்கே இறங்கியவர்களுக்கும் வழி சொல்ல யாருமில்லை. அவர்களைப் போல் வந்தவர்களும் அவர்களின் வழிவந்தோரும்தாம் பின்னாளில் தங்கள் கூலியிலிருந்து சேர்த்த காசில் கோவில்களையும் பள்ளிகளையும் எழுப்பினார்கள். அந்தக் கோவில்களில் இன்றும் அன்னதானம் குறைவின்றி நடக்கிறது. பந்தி நடக்கும் இடத்திலேயே ஒரு மேசை போட்டு, ஆங்கிலமும் ஜூலுவும் அறிந்த இருவர் அமர்ந்து, யாருக்கு எந்த அலுவலகத்தில் என்ன வேலை என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் போதும். திங்கட்கிழமை காலையில் அவர்களுடன் செல்ல இப்போதைக்கு நாங்கள் மூன்று பெண்கள் இருக்கிறோம். ஜூலு பேசத் தெரிந்த ஒருவர் உடனடியாகத் தேவை.