மோட்டர் மூடியை ஸ்கேன் செய்து மீள வரைந்தபோது

பழைய தண்ணீர்ப் பம்ப் மோட்டரின் பின்மூடி அது. அலுமினிய வார்ப்பு, போல்ற் போடும் நான்கு காதுகளில் ஒன்று ஒடிந்தது. கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் அதே அளவு கிடைக்காததால் முப்பரிமாண ஸ்கேன் செய்து கணினியில் மீள வரைந்தோம்.

முதலில் கிரீஸை மண்ணெண்ணெயால் கழுவிக் காயவைக்க வேண்டும். கடைந்த பளபளப்பான இடங்களில் ஒளி தெறித்து ஸ்கேன் ஓட்டை ஓட்டையாக வரும். டால்க் பவுடரை ஐசோபுரோப்பைல் அல்ககோலில் கலந்து ஏர்பிரஷால் மெல்லிசாகப் பூசினோம். தூரிகையால் தடவினால் பூச்சின் தடிப்பும் அளவில் சேர்ந்துவிடும். யன்னல் வெயிலுக்குத் திரை கட்டாயம். வட்டமான பொருளில் ஸ்கேனர் திசை தடுமாறும். இங்கே ஒடிந்த காதே நல்ல அடையாளம்: முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் அதை வைத்துத்தான் பொருத்தினோம்.

ஸ்கேன் மெஷ்ஷாக, அதாவது சிறு முக்கோணங்களின் வலையாக, எஸ்டிஎல் கோப்பில் வரும். அந்தக் கோப்பில் அலகு இல்லை. தெரிந்த ஓர் அளவோடு ஒப்பிடாவிட்டால், மில்லிமீற்றர் அங்குலமாகி மூடி 25.4 மடங்கு பெருத்து நிற்கக்கூடும்.

வரையும் மென்பொருளில் மெஷ்ஷின் மேல் தானாகப் பரப்பு போர்த்தும் பொத்தானைத் தொட வேண்டாம். கிடைப்பது நூற்றுக்கணக்கான ஒட்டுகள். ஒரு துளையை அரை மில்லிமீற்றர் நகர்த்தவும் வழியிராது. மெஷ் அடியில் கிடக்கட்டும். மோட்டர் உடலில் அமரும் முகத்தைத் தளமாகவும் பெயாரிங் இருக்கையின் (பெயாரிங் அமரும் குழியின்) மையக்கோட்டை அச்சாகவும் பிடித்து, குறுக்கே வெட்டி, அந்தக் கோடுகளின் மேல் புதிதாக வரைய வேண்டும்.

சிக்கல் பெயாரிங் இருக்கையில்தான். ஸ்கேனில் 40.13 மி.மீ. வந்தது. பெயாரிங்கோ 6203, வெளிவிட்டம் 40. ஆக, நாங்கள் அளந்தது தேய்மானத்தை. 40.13 என்றே வரைந்தால் பெயாரிங்கின் வெளிவளையம் புதிய மூடியிலும் சுழன்று அதையும் தின்னும். எனவே 40 எச்7 என்ற துளை அளவு வரம்பு, அதாவது 40.000 முதல் 40.025 வரை. 0.05 துல்லியமுள்ள ஸ்கேனர் இதைச் சொல்லாது. மோட்டர் உடலுக்குள் நுழையும் விளிம்பின் மையம் இருக்கையின் மையத்திலிருந்து 0.08 விலகித் தெரிந்தது. இரண்டையும் ஒரே அச்சில் வைத்தோம்.

மூன்று நல்ல காதுத் துளைகளின் மையங்கள் வழியே வட்டம் போட்டு, ஒரு காதை மட்டும் வரைந்து 90 பாகைக்கு ஒன்றாக நான்காக்கினோம். எம்6 போல்ற்றுக்கு 6.6 துளை. மூலை வளைவுகள் கடைசியில்; முன்பே போட்டால் ஒவ்வொரு திருத்தத்திலும் உடையும்.

வரைந்ததை மெஷ்ஷோடு ஒப்பிட்ட நிறப்படத்தில் பொருந்தும் இடமெல்லாம் பச்சை, நாங்கள் வேண்டுமென்றே மாற்றிய இருக்கையும் விளிம்பும் மட்டும் சிவப்பு. அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிஎல்ஏ பிளாஸ்ரிக்கில் முப்பரிமாணமாக அச்சிட்ட பிரதி பொருத்தம் பார்க்க மட்டும். 60 பாகை செல்சியஸ் அளவில் இளகிவிடும். கடைசல் பட்டறைக்கு முப்பரிமாண வடிவம் உள்ள ஸ்டெப் கோப்போடு வரைபடமும் போக வேண்டும். ஸ்டெப்பில் வடிவம் 40 என்றுதான் இருக்கும். எச்7 என்பதையும், இருக்கையையும் விளிம்பையும் ஒரே பிடிப்பில் கடைய வேண்டும் என்பதையும் வரைபடத்தில் எழுதிக் கொடுத்தோம்.