கம்பெனி பதிய ஒரு வக்கீலைத் தேடியபோது

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் குடும்பத்துக்கு மஞ்சி மில், அதாவது தேங்காய் நார் எடுக்கும் ஆலை, இருக்கிறது. தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூளைக் கட்டியாக அழுத்தி ஏற்றுமதி செய்ய நானும் மச்சானும் முடிவெடுத்தோம். பிரைவேட் லிமிடெடாகவே தொடங்குங்கள் என்றார் ஆடிட்டர். படிவம் எல்லாம் ஆன்லைன்தான். நிரப்பித் தரவும் ஆள் இருக்கிறார்கள். ஆனாலும் வக்கீல் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். சேர்ந்து தொழில் செய்து, கடைசியில் முகத்தில் விழிக்காமல் போன சொந்தங்களை ஊரில் நிறையப் பார்த்தாயிற்று.

வக்கீல்கள் விளம்பரம் செய்ய பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. விசாரித்துத்தான் போக வேண்டும். பத்திரம் எழுதுபவர் சொன்னவர் நிலத் தகராறுகளில் கெட்டிக்காரர். கம்பெனி வேலை பழக்கமில்லை என்று நேராகவே சொல்லிவிட்டார். அந்த நேர்மைக்கு இன்றும் மரியாதை வைத்திருக்கிறேன். இன்னொருவர் போனிலேயே மொத்தமாக ஒரு தொகை சொன்னார். அதில் அரசுக் கட்டணம் எவ்வளவு என்றால் பதில் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட மூலதனம் (கம்பெனி அதிகபட்சம் வெளியிடக்கூடிய பங்குகளின் மதிப்பு) 15 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் பதிவுக் கட்டணமே கிடையாது. பெயர் ஒதுக்க 1,000 ரூபாய், அப்புறம் முத்திரைத் தீர்வை, டிஜிட்டல் கையொப்பச் செலவு. வக்கீல் ஃபீஸ் தனி. இதைப் பிரித்து எழுதித் தராதவரிடம் போகாதீர்கள்.

வேறொரு மில்காரர் சொல்லி, கோவையில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். அவர் படிவத்தை எடுக்கவே இல்லை.

"பங்கு ஆளுக்குப் பாதியா? சரிங்க, ஒரு விஷயத்துல ஒத்துவரலைன்னா யார் சொல்றது நடக்கும்?"

"மாமா சொல்றபடி செஞ்சுக்கலாங்க" என்றான் மச்சான்.

அவர் கம்பெனிகள் சட்டம் 2013-இல் உள்ள டேபிள் எஃப் என்ற பொதுவான நிர்வாக விதிகளின் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். டைரக்டர்கள் போர்டில் ஓட்டு சமமாக விழுந்தால் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு உண்டு. அந்த விதிகளை அப்படியே ஏற்றுக்கொண்டால், யார் தலைவராக உட்காருகிறாரோ அவர் கைதான் ஓங்கும். பலரும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது இந்த இடத்தில்தான் என்றார்.

எங்கள் கம்பெனி விதிகளில் அந்த வரியை நீக்கினோம். கடன், புது டைரக்டர் இரண்டுக்கும் இருவர் சம்மதமும் வேண்டும். விலகுபவர் பங்கை முதலில் மற்றவருக்கே தர வேண்டும். விலையை வெளி ஆடிட்டர் மதிப்பிடுவார். ஒருவர் இறந்தால் பங்கு யாருக்கு என்பது வரை எழுதினோம். மச்சான் முகம் கொஞ்சம் வாடியது. ஆனால் என் அக்கறை அவன் பிள்ளைகள் மேலும்தான் இருந்தது.

மற்றவை சுலபம். கம்பெனி முகவரிக்கான இடம் மாமனார் பேரில் என்பதால் அவரிடம் என்ஓசி (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்), இரண்டு மாதத்துக்கு உட்பட்ட கரண்ட் பில், விருப்பப் பெயர் இரண்டு. பதிவுச் சான்றிதழோடு பான், டான் என்ற வருமான வரி எண்களும் வந்துவிட்டன.

அதோடு முடிந்துவிடாது. பதிவான 30 நாளுக்குள் போர்டு முதல் ஆடிட்டரை நியமிக்க வேண்டும். பங்குத் தொகையைக் கம்பெனிக் கணக்கில் கட்டி, 180 நாளுக்குள் ஐஎன்சி 20ஏ என்ற தொழில் தொடக்க அறிவிப்புப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அதுவரை தொழில் தொடங்கவோ கடன் வாங்கவோ முடியாது. நாங்கள் அதை முடித்துவிட்டுத்தான் மெஷின் கடனுக்கு வங்கியில் மனுக் கொடுத்தோம்.